தாரில் விழுந்த நிழல்கள்

முதல் நிழல் என் அண்ணனுடையது. திண்டிவனத்தில் மூடிக்கிடந்த ஓர் எண்ணெய் மில்லின் மதில்மேல், வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் அதைத் தாரால் வரைந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்தொன்பது வயது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் என்பதால் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அண்ணன் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன்.

வரைந்தவர் அண்ணனின் கூட்டாளி. இருவரும் விழுப்புரத்தில் தொழிற்பயிற்சி படித்தபோது பழகியவர்கள். அவர் ஊர் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையம். அங்கே வெள்ளைக்காரர்கள் நடத்திய மரப்பட்டறை ஒன்றில் வேலை. செவ்வாய்க்கிழமை அண்ணனின் பட்டறைக்கு விடுமுறை. அன்றைக்கே அவரும் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

ஒரு செவ்வாயன்று அவர் கோணிப்பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால், கைநீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான பலகை ஒன்று. அடியில் நான்கு மஞ்சள் சக்கரங்கள். நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கின. வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பலகை உடைந்ததும் தூக்கிப் போட்டானாம். இவர் சக்கரங்களைக் கழற்றிப் புதுப் பலகையில் பூட்டிவிட்டார்.

"இது மேல நின்னுக்கினே போவானுங்கடா. கையில எதையும் புடிக்கமாட்டானுங்க" என்றார்.

"உழுந்தா?"

"உழறதுதான். உழுந்து எழுந்து மறுபடி ஏறுவானுங்க."

எங்கள் ஊர்த் தெருக்களில் அது நகராது. ஜல்லியும் மண்ணுமான ரோடுகள். மூடிய எண்ணெய் மில்லில் வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, காயப்போட ஒரு பெரிய சிமென்ட் களம் இருந்தது. பங்காளிச் சண்டையில் மில் நின்று நாலைந்து வருஷமாகியிருந்தது. கேட்டின் ஒரு கம்பி வளைந்திருந்தது; அதன் வழியாக நுழைந்தோம். களம் ஓரத்தில் மேடாகி நடுவில் தாழ்ந்திருந்தது. மேட்டிலிருந்து அண்ணன் காலை வைத்தவுடன் பலகை அவனை விட்டுவிட்டுத் தனியே ஓடியது. முழங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம் வந்தது. அவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் இருவரும் விழாமல் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். நானும் இரண்டு முறை ஏறினேன், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. காலுக்குக் கீழே பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது காது ஓரம் காற்று வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் பத்தொன்பது வயதில் எனக்கு வேறு எதுவும் அப்படி இருக்கவில்லை.

குயிலாப்பாளையத்துக்காரர் ஒரு நாள் கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகையின் நான்கு பக்கங்களைக் கொண்டுவந்தார். ரயில் பெட்டி முழுக்க யாரோ வண்ணம் அடித்து, வீங்கிய எழுத்துகளாக எழுதியிருந்தார்கள். பாலத்துக்கு அடியில், சுரங்கப்பாதையில், எங்கும் படம். படத்தில் நின்ற பையன்கள் கையிலும் இதே மாதிரிப் பலகை.

"யாரு துட்டு குடுத்து வரையச் சொன்னாங்களாம்?" என்று அண்ணன் கேட்டான்.

"யாரும் சொல்லல. சொல்லாமப் போட்டுட்டு ஓடிட்றானுங்க."

"பின்ன எதுக்கு?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி வெயில். பலகைமேல் கை விரித்து நின்ற அண்ணனின் நிழல் களத்தில் நீண்டு, மதில் தொடங்கும் இடத்தில் மடங்கி, மேலே ஏறியிருந்தது. "அசையாத. அப்படியே நில்லு" என்றார். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன டிரம்மில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கரைத்து, தென்னை நாரைக் கட்டித் தூரிகையாக்கி, நிழலின் ஓரத்தை அவர் வரைந்து முடித்தபோது அண்ணனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. உள்ளே கறுப்பாக நிரப்பினார். அண்ணன் விலகி வந்து திரும்பிப் பார்த்தான். அவன் வந்துவிட்டான், அவன் அங்கேயே நின்றான்.

எனக்கு அது பிடித்தது. ஆனால் அதற்கு முதுகைக் காட்டி நிற்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டு மாதத்தில் மில் மதிலில் ஒன்பது நிழல்கள் ஆயின. பாய்கிறவன், குனிகிறவன், விழப்போகிறவன். இடம் போதவில்லை. அவர்கள் வெளியே போனார்கள். ராத்திரியில் அல்ல, நிழல் வேண்டுமே. ஊர் சாப்பிட்டுப் படுக்கும் அந்த இரண்டு மணி நேரம், நாய்கூட சாக்கடைக்குள் இறங்கிக்கொள்ளும் நேரம், அதுதான் அவர்களுக்கு வாகானது. கூட்ஸ் ஷெட்டின் பக்கச் சுவர், செஞ்சி ரோட்டு வளைவில் இருந்த சிறுபாலம், தண்ணீர்த் தொட்டி. ஒருவர் நிற்க ஒருவர் வரைவார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்று ஆள் வந்தால் இருமுவேன்.

முதலில் ஊர் சிரித்தது. பிள்ளைகள் நிழலுக்குப் பக்கத்தில் அதே மாதிரி கை விரித்து நின்றன. யாரோ சினிமாவுக்கு விளம்பரம் என்றார்கள். யாரோ கட்சிக்காரர்கள் வேலை என்றார்கள்.

பிறகு கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் செத்துப்போனார். வேலை இல்லாத நேரத்தில் அந்தச் சுவரோரம்தான் படுத்திருப்பார். அன்றும் படுத்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்து நாள் கழித்துச் செஞ்சி ரோட்டு வளைவில் ஒரு லாரி கவிழ்ந்து கிளீனர் இறந்தார். அந்த வளைவில் வருஷத்துக்கு ஒரு லாரியாவது கவிழும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த முறை எல்லாரும் சிறுபாலத்தில் இருந்த நிழலைப் பார்த்தார்கள்.

அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அது மனுசன் போட்டது இல்லியாம். ஆளு நிக்காமயே நிழலு நிக்குதாம்."

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி தலை குனிந்துகொண்டான்.

கூட்ஸ் ஷெட்டில் வெள்ளையடித்தார்கள். ஒரு வாரம் வெண்மையாக இருந்தது. வெயில் ஏற ஏறத் தார் சுண்ணாம்பைக் கடித்துக்கொண்டு பழுப்பாக மேலே வந்தது. முதலில் தலை, பிறகு தோள். அழித்த நிழல் திரும்பி வந்துவிட்டது என்று ஊரே போய்ப் பார்த்தது. கடைகளில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் கதவுக்குக் கதவு சாக்பீஸில் சிலுவை ஏறியது. வேலைக்குப் போகிறவர்கள் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார்கள்.

குயிலாப்பாளையத்துக்காரர் அந்தச் செவ்வாய் பலகையைத் தொடவே இல்லை. "போதும். இனிமே வெளிய எங்கயும் வேணாம். ஜனங்க கண்ணு வேற மாதிரி ஆயிடுச்சு" என்றார். மீதித் தாரை அண்ணன் ஒரு டப்பாவில் மூடி வீட்டுக்குப் பின்னால், விறகுக்கு அடியில் வைத்தான். அத்தோடு முடிந்திருக்கவேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

டைப்ரைட்டிங் சொல்லித்தந்த இடத்தில் முதலாளி பெரும்பாலும் இருக்கமாட்டார். உதவியாளர் ஒருவர்தான் வகுப்பை நடத்துவார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், திருமணமானவர். விரல் தப்பாக வைக்கிறாய் என்று பின்னாலிருந்து குனிந்து நம் கைமேல் கை வைப்பார். அந்தக் கை அங்கே நிற்காது. மெஷின்கள் போடும் சத்தத்தில் அவர் காதருகே சொல்வது மற்றவர்களுக்குக் கேட்காது. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒரு நாளோடு நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. பரீட்சைப் பணம் கட்டியாகிவிட்டது. நின்றால் ஏன் என்று வீட்டில் கேட்பார்கள். சொன்னால் இனிமேல் எங்கேயும் அனுப்பமாட்டார்கள். எனவே தினமும் போனேன், தினமும் திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அவர் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. வீட்டின் பக்கச் சுவர் மேற்குப் பார்த்து ஒரு சந்தில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கறிச்சோறு தின்று படுத்திருந்த நேரம், விறகுக்கு அடியில் இருந்த டப்பாவை எடுத்துப் பால் வாங்கும் பையில் போட்டுக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன். அந்த ஆள் பயப்படவேண்டும். தூங்க முடியாமல் போகவேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

தன் நிழலைத் தானே வரைவது கஷ்டம். தென்னை நாரைப் பிடித்த கை நகர, நிழலின் கையும் நகர்ந்துகொண்டே இருக்கும். தலை வந்தது, தோள் வந்தது, பாவாடை விரிந்து வந்தது. வலது கையை மட்டும் பிடிக்க முடியவில்லை. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டு, உள்ளே நிரப்பிவிட்டு, ஓடிவந்தேன். மண்ணெண்ணெய் போட்டு விரல்களைத் தேய்த்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர் மனைவி குப்பை கொட்டச் சந்துக்கு வந்திருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பிணி. கையில்லாத ஒரு பெண் தன் வீட்டுச் சுவரில் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். கத்தவில்லையாம். உள்ளே போய் வாளியில் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துவந்து தேய்க்கத் தொடங்கியிருக்கிறாள். தண்ணீரில் தார் போகாது. தேய்த்துத் தேய்த்து, கீழே வழிந்த தண்ணீரில் கால் வழுக்கி விழுந்தாள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பிள்ளை இறந்தே பிறந்தது.

அம்மா தண்ணீர்க் குழாயடியில் கேட்டுவந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன். "போதும்டி, கஞ்சியே போயிடும்" என்று அம்மா பாத்திரத்தைப் பிடுங்கினாள்.

அண்ணன் அன்றிரவு என்னிடம், "நாங்க போடல. வேற எவனோ எங்களப் பாத்துப் போட்றான். நாளைக்கு குயிலாப்பாளையத்தான் வந்தா சொல்லணும், இந்தப் பக்கமே வராதேன்னு" என்றான். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் செவ்வாய். அண்ணன் மில்லில் காத்திருந்தான். நான் வழக்கம்போல் வகுப்புக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். உதவியாளர் வரவில்லை. பதினோரு மணிக்குப் பாண்டிச்சேரி பஸ் வந்தபோது கீழே சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய குயிலாப்பாளையத்துக்காரரை ஏழெட்டுப் பேர் வளைத்திருந்தார்கள். நடுவில் உதவியாளர், சவரம் செய்யாத முகத்தோடு. யாரோ டீக்கடையிலிருந்து, "இவன்தான். தார் டப்பாவோட சுத்திக்கினு இருந்தவன் இவன்தான்" என்று கத்தினார்கள். அண்ணனையும் பலர் பார்த்திருந்தார்கள்தான். ஆனால் அண்ணன் ஊர்க்காரன், அப்பா ரயில்வேக்காரர். இவர் வெளியூர். கோணிப்பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். பலகை விழுந்து கொஞ்ச தூரம் தானாக ஓடியது. அடியில் தார்க் கறை. அதைக் கண்டதும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது, பிறகு மூன்று அடி முன்னால் வந்தது.

"எம் புள்ளயக் கொன்னது நீதானடா?"

"அண்ணே, மத்ததெல்லாம் நான் போட்டதுதான். உங்க வூட்டாண்ட நான் வரவே இல்லீங்க. சத்தியமா நான் இல்ல."

அவர் சொன்னது மாடிவரை தெளிவாகக் கேட்டது. மெஷின்கள் நின்றுவிட்டன. எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். கீழே இறங்கப் பதினாறு படிகள். நான் தினமும் எண்ணிக்கொண்டே ஏறும் படிகள். ஒரு படிகூட இறங்கவில்லை. அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு இழுத்துக்கொண்டு போனார்கள், அந்தச் சந்தின் பக்கம்.

அங்கே நடந்ததை அண்ணன் பிற்பாடு பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். சுவர் முன்னால் நிறுத்தி, "பாரு, பாத்துச் சொல்லு" என்றார்களாம். அவர் பார்த்தாராம். நெடுநேரம் பார்த்தாராம். அதுவரை இல்லை இல்லை என்று அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டு, "ஆமா. நான்தான் போட்டேன்" என்றாராம். கையை அந்தச் சுவரில் வைத்துப் பலகையால் அடித்தார்கள். போலீஸ் வந்து கூட்டிப்போனபோது வலது கையில் மூன்று விரல்கள் எந்தப் பக்கம் என்று இல்லாமல் தொங்கினவாம். எழுதி வாங்கிக்கொண்டு, திண்டிவனத்தில் இனிக் காலடி வைக்கக்கூடாது என்று சொல்லி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஏன் ஒத்துக்கினான்? செய்யாதத ஏன் ஒத்துக்கினான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாரையும் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டான்.

மூன்று வாரம் கழித்து எனக்கு விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை. துணைக்கு அண்ணன் வந்தான். காலை பாசஞ்சர், கூட்டமில்லை. மயிலம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். டப்பாவை எடுத்தது, சந்து, பாவாடை, வராத கை, எல்லாம். ஏன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவன் கோபப்படவில்லை. என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வண்டி பேரணி ஸ்டேஷனில் நின்றதும் எழுந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் நடக்கத் தொடங்கினான். திரும்பவே இல்லை. நான் தனியாக விழுப்புரம் போய்ப் பரீட்சை எழுதினேன். தேறவும் செய்தேன்.

அவன் மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். குயிலாப்பாளையத்தில் இருந்தானாம்.

"அவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"இன்னா சொன்னாரு?"

"அவனுக்குத் தெரியும். செவுத்தப் பாத்தப்பவே தெரிஞ்சிடுச்சாம். தனியா நின்னு தன் நிழலத் தானே வரைஞ்சாத்தான் கை வராதாம். பாவாட வேற. வேற யாரு இருக்கான்னு கேக்கறான்." அண்ணன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். "உன்ன வரச் சொன்னான்."

போக எனக்கு நான்கு மாதம் ஆயிற்று; அண்ணன்தான் கூட்டிப்போனான். மரப்பட்டறைக்குப் பின்னால், முந்திரி மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். இடது கையால் உப்புத்தாள் பிடித்து ஒரு நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் ஒடிந்த மூன்று விரல்களில் இரண்டு மடங்கவே இல்லை. வரும் வழியெல்லாம் மன்னிப்புக்கான வார்த்தைகளைத் தயார் செய்திருந்தேன். அவர் எதிரே மணலில் உட்கார்ந்தேன்.

அவர்தான் பேசினார். அண்ணனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுக் கேட்டார்: "அந்தாளு உன்ன இன்னா பண்ணான்?"

அதுவரை யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. ஊர் கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை. நான் சொன்னேன். மெஷின் சத்தத்தையும் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. முடிந்ததும், "சரி. உங்கண்ணன்கிட்ட சொல்லாத. போய் அவனக் குத்திடுவான்" என்றார். பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணு பாவம், தங்கச்சி. நம்ம ரெண்டு பேர விட அதுதான் பாவம்" என்றார்.

அவர் வரைவதை விடவில்லை. இடது கையால் பழகிக்கொண்டார், துணிமேல், பலகைமேல். வெள்ளைக்காரர்கள் சிலர் அவற்றை எடுத்துப்போய்ப் பாண்டிச்சேரியில் ஓர் அறையில் மாட்டினார்கள். அண்ணன் போய்ப் பார்த்துவந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டுமாம், ஆட்கள் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்களாம். திண்டிவனத்தில் இதற்குத்தான் கையை ஒடித்தார்கள் என்று யாரிடமாவது சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டானாம்.

எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் பேச்சு நின்றுவிடவில்லை. என் கல்யாணத்துக்கு ஓடியாடி வேலை செய்தான். ஆனால் நாங்கள் இருவர் மட்டும் ஓர் அறையில் இருக்கும்படி நேர்ந்தால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவோம். இன்றும் அப்படித்தான்.

உதவியாளர் அந்த வருஷமே வீட்டைக் காலி செய்துகொண்டு மனைவியோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை. அங்கேயும் டைப்ரைட்டிங் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஊர்ப் பெண்களுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவியை நான் நேரில் பார்த்ததே இல்லை. முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. பஸ்ஸில் என் வயதை ஒத்த ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த ஊரும்மா உனக்கு என்று கேட்டால், திண்டிவனம் என்று நான் சொல்வதில்லை. விழுப்புரம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.